அந்தோனியாருக்கு இரண்டு மெழுகுதிரி

ஊர்காவற்றுறைக் கரையோரத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கோயிலில், செவ்வாய்க்கிழமை தவறாமல், அந்தோனியார் சுருபத்துக்கு முன்னால் ஒரே வீட்டார் இரண்டு மெழுகுதிரி கொளுத்தினார்கள். ஒன்று அன்ரனிதாசுடையது. தான் கட்டிய விமானத்தின் எஞ்சின் கொதிக்கக்கூடாது என்பது அவருடைய மன்றாட்டு. மற்றது அவருடைய மனைவி ஞானசவுந்தரியுடையது. அது கொதிக்க வேண்டும் என்பது அவளுடைய மன்றாட்டு. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளில் நின்று, ஒருவருடைய மன்றாட்டை மற்றவர் கேட்காதபடி வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போவார்கள்.

ஆறு மாதமாக அந்தோனியார் ஞானசவுந்தரியின் பக்கம்தான் நின்றார். எஞ்சின் ஐந்து தரம் கொதித்துவிட்டது. அவளுக்கு அவர்மேல் நல்ல மதிப்பு வந்திருந்தது. கணவனின் பெயருக்குரியவர் என்றாலும் ஆள் நீதியானவர் என்று நினைத்தாள்.

அன்ரனிதாஸ் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். ஐம்பத்துநாலு வயது. தீவில் அவருடைய கை படாத எஞ்சின் இல்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு ஆறு வருடத்துக்கு முன்னால், கைத்தொலைபேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் தன் வீட்டு முற்றத்தில் விமானம் கட்டுவதைப் பார்த்ததும் புத்தி பிசகிவிட்டது. அலுமினியக் குழாய், பாய்த்துணி, உடைந்த காரிலிருந்து கழற்றிய மூன்று சிலிண்டர் எஞ்சின் என்று ஒவ்வொன்றாகக் கொட்டிலுக்குள் வந்து சேர்ந்தன. கருவாடு காயப்போடும் கொட்டில் அது. கருவாடு முற்றத்துக்குப் போனது, காகங்கள் கொழுத்தன. கடற்படைக்காரர் மூன்று தரம் வந்து பார்த்தார்கள். மூன்றாம் தரம் விமானத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஓட்டப் பழகவேண்டுமே. அதற்கும் வழி கண்டார். முதுகுவலிக்குக் கொழும்பில் வைத்தியம் என்று சொல்லிவிட்டு இரண்டு மாதம் போய் நின்றார். திரும்பி வந்தபோது முதுகு அப்படியே இருந்தது. காற்சட்டைப் பையில் விமானம் ஓட்டப் பழகக் காசு கட்டிய பற்றுச்சீட்டு இருந்தது. உடுப்புத் தோய்க்கும்போது அதைக் கண்டெடுத்த ஞானசவுந்தரி மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை.

அவளுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் பெரிசு. அவளுடைய தமையன் குருசுமுத்து ஒரு கார்த்திகை மாதம் மீன்பிடித் தொழிலுக்குப் போனான். வள்ளம் கரைக்கு வந்தது, அவன் வரவில்லை. பதினொரு வருடமாகியும் காற்று மாறும் நாட்களில் அவள் கரைப்பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருந்ததில்லை. கடலே ஆளைத் திருப்பித் தராத ஊரில், கடலுக்கு மேலே போகிற ஆளை யார் திருப்பித் தருவது? இதை அவள் கணவனிடம் சொன்னதில்லை. கருவாடு பழுதாகிறது, கொட்டில் வேண்டும், ஊர் சிரிக்கிறது என்று வேறு காரணங்களையே சொன்னாள். அன்ரனிதாசும் அவற்றுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. விமானங்களைப் பரிசோதிக்கும் பொறியியலாளர் சரவணமுத்து என்பவர், சோழகக் காற்று ஓய்ந்தபிறகு வருவார். எஞ்சினை முழு வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டிக் காட்டவேண்டும். வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொடக்கூடாது. தொடாவிட்டால், கரையோர வெளியில் பறந்து பார்க்க அனுமதி. தொட்டால் இல்லை. இரண்டாம் தரம் வரமாட்டார்.

ஞானசவுந்தரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு குசினி வாசலில் நின்று தன் தீர்ப்பைச் சொன்னாள்.

“அண்டைக்குக் கொதிச்சால் இந்த விளையாட்டு முடிஞ்சுது. செட்டை ரெண்டையும் கழட்டிக் கோழிக்கூட்டுக்குக் கூரையாய்ப் போடுவன்.”

“கொதிக்காட்டி?” என்றார் அன்ரனிதாஸ்.

“கொதிக்காட்டி நான் ஒரு சொல்லுச் சொல்லன்.”

ஐந்து தரம் கொதித்த எஞ்சினை நம்பி அவள் கொடுத்த வாக்கு அது.

எஞ்சின் ஏன் கொதித்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். கார் எஞ்சின் தண்ணீரால் ஆறுவது. அந்தத் தண்ணீர் ரேடியேற்றருக்குள் ஓடும்போது, வெளியிலிருந்து காற்று வந்து அதன் சூட்டை வாங்கிக்கொண்டு போகவேண்டும். காற்றை அங்கே கொண்டுவருவதற்கு எஞ்சினுக்குக் கீழே தகரத்தில் ஒரு கூடு அடிக்கவேண்டும். முன்னால் காற்றாடி, அதற்குப் பின்னால் கூட்டின் வாய், உள்ளே ரேடியேற்றர், கடைசியில் காற்று வெளியே போக ஒரு வழி. இவ்வளவுதான் விஷயம். இந்த வாய் எவ்வளவு, வழி எவ்வளவு என்ற கணக்கில்தான் அன்ரனிதாஸ் ஆறு மாதமாக அவிந்துகொண்டிருந்தார்.

அவருடைய மாமனார், அதாவது ஞானசவுந்தரியின் தகப்பன், மீன்கூடு கட்டுவதில் பேர்போனவர். வாய் அகலம், கழுத்து ஒடுக்கம், வந்த மீன் வெளியே போகாது. கலியாணம் கட்டிய புதிதில் அன்ரனிதாசும் அவரோடு இருந்து நூறு கூடு கட்டியிருப்பார். அந்தக் கைக்குத் தகரத்தைக் கொடுத்தால் வேறு என்ன செய்யும்? அகன்ற வாய், ஒடுங்கிய கழுத்து, உள்ளே ரேடியேற்றர், பின்னால் மூன்று அங்குலக் குழாய் ஒன்று. வந்த காற்று உடனே ஓடிவிடாமல், கொஞ்ச நேரம் தங்கி, சூட்டை வடிவாக வாங்கிக்கொண்டு போகட்டும் என்பது அவருடைய யோசனை. கடலில் மீனைப் பிடித்துவைத்த ஊர்க்காரர் காற்றையும் அப்படியே பிடித்துவைத்தார்.

முதல் தரம் நாலாவது நிமிடத்தில் கொதித்தது. வாய் போதாது என்று முடிவுசெய்து பெருப்பித்தார். இரண்டாம் தரம் மூன்றரை நிமிடம். இன்னும் பெருப்பித்தார். மூன்றாம் தரம் ரேடியேற்றரின் மூடி பறந்து, கொதிதண்ணீர் அவருடைய இடது முழங்கையில் கொட்டியது. மருந்து பூசிவிட்டு இன்னும் பெருப்பித்தார். ஐந்தாம் தரம் ஆகும்போது சுளகு ஒன்று நுழையக்கூடிய வாயோடு விமானம் எதையோ கேட்டுத் திகைத்துப்போனதுபோல் நின்றது. ஞானசவுந்தரியின் சிவப்புக் கோழி அந்த வாய்க்குள் போய், கழுத்தைத் தாண்டி, திரும்பி வர வழி தெரியாமல் அரை நாள் உள்ளே இருந்து கத்தியது. தகரத்தைக் கழற்றித்தான் எடுத்தார்கள். அன்ரனிதாசுக்கு அதில் ஒரு பெருமை. போன கோழி திரும்பவில்லை என்றால் கூடு எவ்வளவு திறமாக இருக்கிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அவரோடு பள்ளியில் படித்த வாகீசன் ரொறன்ரோவில் பொறியியலாளர். அவர் வட்ஸ்அப்பில் நாலு நிமிடக் குரல்செய்தி ஒன்று அனுப்பியிருந்தார். ரேடியேற்றரின் முகப்பில் கால் பங்கு அளவுக்கு வாய் இருந்தால் போதும், உள்ளே மெல்ல மெல்ல அகலவேண்டும், சூடான காற்று விரியும் என்பதால் வெளியேறும் வழி வாயைவிடச் சற்றுப் பெரிசாக இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். அன்ரனிதாஸ் கால் பங்கு என்ற சொல்லோடு தொலைபேசியை நிறுத்திவிட்டார். கனடாவில் பனி கொட்டுகிறது, அங்கே சின்ன வாய் போதும், இங்கே எரிக்கிற வெயிலுக்குக் கால் பங்கு எந்த மூலைக்கு என்பது அவருடைய வாதம். ஞானசவுந்தரிக்கும் அது சரியான வாதமாகவே பட்டது.

பரிசோதனைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அனலைதீவில் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றுக்குக் கோயிலில் முதல்நன்மைச் சடங்கு. இருவரும் ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து படகேறினார்கள். படகின் உள்தட்டில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. முன்பக்கம் பெரிய திறப்பு. காற்று அந்தத் திறப்பில் வந்து மோதியதே தவிர உள்ளே வரவில்லை. பின்வாசலை அடைத்து அரிசி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். சீலைத் தலைப்பால் விசிறி விசிறி ஞானசவுந்தரிக்குக் கை நொந்துவிட்டது. புதுச்சீலை முதுகோடு ஒட்டியது. பொறுக்கமுடியாமல் எழுந்து நின்று பின்னால் இருந்த படகுக்காரனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, அந்த மூட்டையளைக் கொஞ்சம் அங்கால தள்ளும். பின்னுக்குப் போக வழி இல்லாட்டி முன்னாலை காத்து எப்பிடி வரும்?”

படகுக்காரன் மூன்று மூட்டைகளை இழுத்துப்போட்டான். அவ்வளவுதான், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை காற்று ஓடத் தொடங்கியது. சனம் பெருமூச்சு விட்டது. ஞானசவுந்தரி திருப்தியோடு உட்கார்ந்து கணவனைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தபடி அந்த மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்திறப்பைப் பார்த்தார். பிறகு மூட்டைகளை. அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. தன் வாயால் தானே கெடுத்துக்கொண்டாள்.

முதல்நன்மை வீட்டில் அன்ரனிதாஸ் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. முற்றத்தில் நின்று வாகீசனுடைய குரல்செய்தியின் மிச்சம் மூன்று நிமிடத்தையும் ஐந்து தரம் போட்டுக் கேட்டார். திரும்பிப் போகும் படகு மூன்று மணிக்குத்தான் என்றபோது நீந்திப் போகலாமா என்று யோசித்ததாக அவரே பிறகு சொன்னார்.

அடுத்த நாளே பெரிய வாயை வெட்டி எறிந்தார். ரேடியேற்றரின் முகப்பு ஒன்றரை அடிக்கு ஓர் அடி. கால் பங்கு என்றால் ஒன்பது அங்குலத்துக்கு ஆறு அங்குல வாய். உள்ளே போகப் போக அகலம். பின்னால், இருக்கைக்குக் கீழே, பதினொரு அங்குலத்துக்கு ஆறு அங்குலத்தில் வெளிவழி. தகரத்தில் கோட்டைக் கீறி, அழித்து, மறுபடி அளந்து கீறினார். இவ்வளவு சின்ன வாயை அந்தக் கை வாழ்நாளில் செய்ததில்லை. ஊரார் வந்து பார்த்து, முன்னையது தோற்றமாக இருந்தது, இது நோஞ்சானாக இருக்கிறது என்று குறைப்பட்டார்கள். பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார். முள் நடுவுக்கு வந்து, அங்கேயே நின்றது.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஞானசவுந்தரி அந்தோனியாரிடம் நெடுநேரம் நின்றாள். அவர் மறுபக்கம் சாய்ந்துவிட்டார் என்பது சுருபத்தின் முகத்திலேயே தெரிவதாக அவளுக்குப் பட்டது. கணவனுக்கும் அவருக்கும் பேர் ஒன்று என்றால் பிறகென்ன. இனி இது தன் பாடு என்று நினைத்துக்கொண்டாள்.

சரவணமுத்து காலை ஒன்பது மணிக்கு வந்தார். மெலிந்த, நிதானமான மனிதர். சட்டைப்பையில் மூன்று பேனை. விமானத்தை வெளிக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். அன்ரனிதாஸ் விடியவே எழும்பி ஒவ்வொரு ஆணியையும் தொட்டுப் பார்த்து, கூட்டுக்குள் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அதிகாரியைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணியும் பணியாரமும் கொடுத்தார்கள். ஊர்ச்சனம் முழுக்க அவர் பணியாரம் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஞானசவுந்தரி வால்பக்கமாக விமானத்தடிக்குப் போனாள். கையிலிருந்த பனையோலைக் கடகத்துக்குள் அன்ரனிதாசின் தலையணை இருந்தது. பதினொரு அங்குலத்துக்கு ஆறு அங்குல வழிக்குள் அதை மடித்து இறுக்கினாள். அளந்து செய்ததுபோல் பொருந்தியது. இருபத்தெட்டு வருடம் அவர் தலை வைத்த தலையணை, உறையில் அவளே தைத்த ரோசாப்பூ. வேறு எதுவும் அந்த நேரத்துக்குக் கையில் கிடைக்கவில்லை என்று பிறகு சொன்னாள். அது உண்மையில்லை. நாலு பொருளை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதைத் தெரிந்தெடுத்தாள்.

எஞ்சின் ஓடத் தொடங்கியது. அன்ரனிதாஸ் உள்ளே இருந்து முழு வேகம் கொடுத்தார். சக்கரங்களுக்குக் கட்டை, வாலுக்குக் கயிறு. புழுதி எழும்பியது. அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தபடி, முள்ளையும் பார்க்கக்கூடிய தூரத்தில் பக்கவாட்டில் நின்றார். ஞானசவுந்தரி அவருக்கு இரண்டு முழம் பின்னால் நின்றாள்.

ஐந்தாவது நிமிடத்தில் முள் நடுவைத் தாண்டியது. ஏழாவதில் இன்னும் மேலே போனது. அன்ரனிதாசின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மெல்லக் கழன்றது. அவர் முள்ளைத் தட்டிப் பார்த்தார். எண்ணெய் காட்டும் முள்ளைப் பார்த்தார். மறுபடி முள்ளைத் தட்டினார். எட்டாவது நிமிடத்தில் முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. ஆறு வருடம் அந்த ஒரு நூலுக்குள் வந்து நின்றது. ஞானசவுந்தரி முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்னும் அரை நிமிடம், பிறகு எல்லாம் முடிந்துவிடும், கிழவனாகும்வரை மனிசன் நிலத்தில் நடப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அப்போது அன்ரனிதாஸ் முள்ளை விட்டுவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தார். அவருடைய இடது கை எழுந்து, அவளைப் பின்னுக்குத் தள்ளுவதுபோல் ஆடியது. முழங்கையில் பழைய தழும்பு. தண்ணி கொதிச்சுப் பறக்கப் போகுது, தள்ளி நில் என்கிறார். அவள் அசையாமல் நிற்கவே, அவருடைய முகம் கெஞ்சியது. விமானம் கையைவிட்டுப் போகிற நேரத்தில் அந்த மனிதருக்கு இதுதான் கவலை.

ஞானசவுந்தரி தள்ளி நிற்கவில்லை. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வால்பக்கமாகச் சுற்றி, குனிந்து, இருக்கைக்குக் கீழே கையை விட்டாள். அதிகாரி கை உயர்த்தி ஏதோ சொன்னார், அவளுக்குக் கேட்கவில்லை. தலையணை வர மறுத்தது. இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி இழுத்தாள். உறை கிழிந்தது, சூட்டுக்காற்று முகத்தில் அறைந்தது, இலவம்பஞ்சு வெளி முழுக்கப் பறந்தது. சனத்தின் தலையிலும் அதிகாரியின் மூன்று பேனையிலும் பஞ்சு. முள் இறங்கத் தொடங்கியது.

அன்ரனிதாஸ் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கிழிந்த உறையையும் ரோசாப்பூவையும் பார்த்தார். அதிகாரிதான் இது என்ன என்று கேட்டார்.

“இவரின்ரை தலாணி,” என்றாள் ஞானசவுந்தரி. “நான்தான் வைச்சனான். பிறகு எடுத்தனான்.”

“ஏனம்மா?”

அவள் கணவனைப் பார்த்துப் பதில் சொன்னாள். “முதுகுவலி எண்டு சொல்லி ரெண்டு மாதம் ஏமாத்தினார். நான் எட்டு நிமிசம்தான்.”

சனம் சிரித்தது. அன்ரனிதாசுக்கும் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றும்போனது, ஏனென்றால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

சரவணமுத்து தலையிலிருந்த பஞ்சைத் தட்டினார். பிறகு படிவத்தை எடுத்து, முதலாவது ஓட்டம் இடைநிறுத்தம், காரணம் தலையணை என்று எழுதினார். எஞ்சினில் பிழை இல்லாதபடியால் ஆறவிட்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டலாம் என்றார். தன் உத்தியோகத்தில் இப்படி ஒரு காரணம் எழுதுவது இதுதான் முதல் தரம் என்பதையும் நிதானமாகச் சொன்னார்.

இரண்டாம் தரம் ஓடியபோது ஞானசவுந்தரி வெளிவழிக்குப் பக்கத்தில், கைகட்டிக்கொண்டு காவல் நின்றாள். இனி யாரும் எதுவும் வைத்துவிடக்கூடாது என்பதுபோல் நின்றாள். இருபது நிமிடம் முடிந்தபோது முள் நடுவில் நின்றது. சனம் கைதட்டியது. அதிகாரி கையெழுத்துப் போடப் பேனையைத் திறந்தார்.

“ஐயா, அதிலை ஒரு நிபந்தனையும் எழுதுங்கோ,” என்றாள் ஞானசவுந்தரி. ஒரு சொல்லும் சொல்லமாட்டேன் என்று குசினி வாசலில் கொடுத்த வாக்கை அவள் மறக்கவில்லை. மீறினாள். “கடலுக்கு மேலை போகக்கூடாது. இந்த வெளிக்கு மேலை மட்டும்தான்.”

அன்ரனிதாஸ் கடலைப் பார்த்தார். அனலைதீவு அங்கே தாழ்ந்து தெரிந்தது. நாலு நிமிடத்தில் அங்கே போய் ஒரு சுற்றுச் சுற்றி வருவேன் என்று ஆறு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவர். தீவில் கட்டிய விமானம் கடலுக்கு மேலே போகக்கூடாது என்றால் அது எங்கேதான் போகும்? அதை அவர் கேட்கவில்லை. கரைப்பக்கம் திரும்பியிருந்த மனைவியின் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தவர்போல் பார்த்தார்.

“எழுதுங்கோ ஐயா,” என்றார்.

சரவணமுத்து எழுதினார். பிறகு பேனையை நிறுத்தி, இங்கேயும் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, என்ன போடுவது என்று கேட்டார். ஞானசவுந்தரி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். தமையன் குருசுமுத்துவின் பேரைச் சொன்னால் அழுகை இன்னும் கூடும் என்று அவளுக்குத் தெரியும்.

“மனிசி கரையிலை நிண்டு பார்க்க வேணும்,” என்றார் அன்ரனிதாஸ். “அவள் பார்க்கிற தூரத்துக்குள்ளைதான் போகலாம் எண்டு போடுங்கோ.”

அதிகாரி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையணை என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே அதையும் எழுதினார்.